கப்லான் போகாத இடம்

பவளராணி இரண்டு கைகளிலும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஹெர்ஷல் கப்லானின் இடது காலில் இறுக்கக் காலுறையை ஏற்றிக்கொண்டிருந்தாள். வெறுங்கையால் இழுத்தால் அந்தத் துணி வழுக்கும். குதிகாலில் ஒரு மடிப்பு விழுந்தாலும் பொழுதுபடுவதற்குள் தோல் உரிந்துவிடும். நீரிழிவுக்காரரின் தோல் உரிந்தால் லேசில் ஆறாது. குதிகாலை நீவி, கணுக்காலை நீவி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"குயின், நீ என்ர காலைக் கழட்டித்தான் எடுக்கப் போறாய்," என்றார் கப்லான்.

"எடுத்தா எனக்கு நிம்மதி. கால் இல்லாட்டி ஓடமாட்டியள்."

"நான் எப்ப ஓடினனான்?"

அவள் வலது காலுக்கான உறையை உதறி எடுத்தாள். அந்த மாதம்தான் ஒருமுறை தெருமுனை பேக்கரி வரைக்கும், இன்னொருமுறை டிராம் ஏறி அதன் கடைசித் தரிப்பு வரைக்கும் போயிருந்தார். இரண்டுமே அவருக்கு நினைவில்லை.

அவர்கள் பேசியது ஆங்கிலத்தில். பவளராணி எனக்குச் சொன்னது எங்கள் தமிழில். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். 'ராணி' என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவர் அவளைக் குயின் என்றுதான் கூப்பிடுவார்.

இது 2011ஆம் ஆண்டு, ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. நல்ல குளிர்.

பவளராணிக்கு அப்போது ஐம்பது வயது. வவுனியாவில் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை பார்த்தவள். கணவர் வரதராஜாவின் பின்னால் மெல்போர்ன் வந்து, அதன் புறநகரான ரோவிலில் குடியேறினாள். முதலில் கீரை பொதி செய்யும் கொட்டகையில் நின்றாள். குளிர் முழங்கையில் பிடித்துக்கொண்டதும் அதை விட்டுவிட்டு முதியோர் பராமரிப்புப் படித்தாள். இரக்கப்பட்டு இந்த வேலைக்கு வந்தவள் அல்ல. குளிர் படாமல் வீட்டுக்குள் நின்று செய்யும் வேலை, பிள்ளைகள் பள்ளியால் வரும் நேரத்துக்கு வீட்டில் நிற்கலாம் என்று வந்தவள். அப்படி வருபவர்கள்தான் இதில் நிலைப்பார்கள். இரக்கப்பட்டு வருபவர்கள் முதல் குளிர்காலத்தோடு போய்விடுவார்கள். நானும் இந்தத் தொழிலில் இருந்தவள்தான், பார்த்திருக்கிறேன்.

கப்லான் யூதர். மெல்போர்னின் கோல்ஃபீல்ட் பகுதியில் இருக்கும் அவருடைய வீட்டுக் குசினியில், அவர்களின் முறைப்படி, பாலுக்கு ஒரு பக்கம், இறைச்சிக்கு ஒரு பக்கம். சட்டி, கரண்டி, துடைக்கும் துணி எல்லாமே வேறு வேறு. முதல் வாரம் பிழை விட்டுவிடுவேனோ என்று பயந்துகொண்டே சமைத்தாள். வரதராஜாதான் சிரித்தார்.

"எங்கட வெள்ளிக்கிழமைச் சட்டியை நீ மீன்சட்டியோட சேர்க்கிறனியே? அதுதானப்பா இது. அவைக்கு ஒவ்வொரு நாளும் வெள்ளிக்கிழமை."

அதன் பிறகு பயம் போய்விட்டது. இன்னொன்றையும் அந்த வீட்டில் கற்றுக்கொண்டாள். கப்லான் பிறப்பால் கொஹென். அதாவது, ஆதியில் எருசலேம் ஆலயத்தில் பூசை செய்தவர்களின் வம்சம். ஆலயம் இடிந்து இரண்டாயிரம் வருடம் ஆகப்போகிறது. ஆனாலும் அந்த வம்சத்து ஆண்கள் மயானத்துக்குள் கால் வைப்பதில்லை. பெற்றார், மனைவி, பிள்ளை, சகோதரம் என்று நெருங்கிய சொந்தத்தில் ஒருவரை அடக்கம் செய்யும் நாளில் மட்டும் போவார்கள். மற்ற நாளெல்லாம் வெளியேதான் நிற்பார்கள். அவருடைய மனைவி எஸ்தருக்குத் தடையில்லை; அந்த விலக்கு ஆண்களுக்குத்தான். கல்யாணம் செய்த காலம் முழுவதும் செத்தவீடுகளுக்கு இருவரும் சேர்ந்தே போவார்கள். எஸ்தர் உள்ளே போவாள். கப்லான் காருக்குள் இருந்து பேப்பர் படிப்பார். அவள் கை கழுவிக்கொண்டு வந்து ஏறியதும் கார் புறப்படும். எஸ்தர் இறந்து சில வருடங்களாகிவிட்டன. சமீப காலமாக அதுவும் அவருக்கு ஒரு நேரம் நினைவிருக்கும், ஒரு நேரம் இருக்காது.

பவளராணிக்கு அந்த விலக்கு விசித்திரமாகத் தெரியவில்லை. அவள் வளர்ந்த வீட்டில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அவளுடைய அப்பாவின் பாடையின் பின்னால் வாசல் படலை வரைதான் போனாள். மெல்போர்னில் தமிழ்ப் பெண்கள் இப்போது மின்தகனத்துக்குப் போகிறார்கள். அவள் அதற்கும் மண்டபத்தோடு நின்றுவிடுவாள்.

கப்லானின் யூத சபையில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பயணம் ஒழுங்கு செய்திருந்தார்கள். பொன் தோண்டிய காலத்தில் இந்த மாநிலத்துக்குள் வந்து கடை போட்ட யூதர்கள் பலரட் என்ற ஊரில் ஒரு ஜெபாலயம் கட்டியிருக்கிறார்கள். முதலில் அதைப் பார்ப்பது. பிறகு அங்கிருந்து உள்ளே ஒரு சிறிய ஊருக்குப் போய், அங்கே அடக்கமானவர்களின் கல்லறைகளில் செபம் சொல்வது. பொழுதுபடத் திரும்பி வந்துவிடலாம்.

கப்லான் போவேன் என்று நின்றார். அவருடைய ஒரே மகள் நயோமிக்கு விருப்பமில்லை. ஞாயிறும் திறக்கும் மருந்துக்கடை அவளுடையது. அவளால் கூட வர முடியாது. பயணத்துக்கு முதல் நாள் அவள் பவளராணியைக் குசினிக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்:

"ராணி, நான் ஒளிச்சுக் கதைக்கேல்லை. நாளைக்கு ஒரு பிசகும் இல்லாமல் அப்பா திரும்பி வந்தா அவர் இந்த வீட்டிலயே இருக்கட்டும். ஏதும் நடந்தா நான் அவரை முதியோர் இல்லத்தில விடப்போறன். கதவு பூட்டி வைக்கிற இடம். அறையும் பாத்திட்டன்."

"ஒண்டும் நடவாது. நான் பக்கத்தை விட்டு அசையமாட்டன்."

"சத்தியமாவோ?"

"சத்தியமா."

கதவுக்கு அந்தப் பக்கம் கப்லான் நின்றிருக்கிறார். கதவைத் திறந்ததும், "என்னைப் பூட்டுறதெண்டா முதல்ல என்னைப் பிடிக்கவேணும்," என்றார். நயோமி சிரிக்கவில்லை.

அவர் இல்லத்துக்குப் போனால் பவளராணியின் வேலையும் அதோடு முடியும்.

பஸ்ஸில் ஏறியவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். கூட்டிப்போனவர் அவர்களுடைய ரபி, அதாவது சபையின் மதகுரு. இளம் மனிதர், எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்பவர். பஸ் ஓட்டியவர் சிறிதரன் என்ற எங்கள் ஆள், டண்டினோங்கில் இருப்பவர். பவளராணியைக் கண்டதும் அவருக்கு வாய் திறந்துகொண்டது.

"அக்கா, உங்களையும் மதம் மாத்திப் போட்டினமோ?"

"உம்மட வேலையைப் பாரும். பஸ்ஸை உலுக்காமல் ஓட்டும், இதுக்குள்ள பாதிப் பேர் இடுப்பெலும்பு மாத்தின ஆக்கள்."

பலரட்டில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பழைய வாங்கு இருக்கைகள், உயரத்தில் பெண்களுக்கான மாடம், மெழுகு பூசிய மரத்தின் வாசனை. கப்லான் முன்வரிசையில் இருந்து சத்தமாகச் செபம் சொன்னார். ஒரு சொல்லும் மறக்கவில்லை. சபையிலேயே வயதில் மூத்த ரீட்டா என்ற அம்மாள், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பவளராணியின் காதில் சொன்னாள்:

"கடவுள் இஞ்ச பொன் கிடைக்கும் எண்டு வந்தவராம். குளிரைப் பாத்திட்டுத் திரும்பிப் போட்டார்."

பஸ் அந்தச் சிறிய ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் கடந்துவிட்டது. ஊர் என்றால் ஒரு தெரு, மூடிய ஹோட்டல் ஒன்று, பிறகு பற்றைக்காடு. மயானம் காட்டோரத்தில் இருந்தது. தகர வேலி, ஒரு இரும்புக் கேற், கேற்றுக்கு வெளியே ஒரு தண்ணீர்க் குழாய். யூதர்களின் கல்லறைகள் உள்ளே கடைசி மூலையில், கறுத்த பைன் மரங்களுக்குப் பின்னால். வெளியே இருந்து தெரியாது. வீதியின் மறுபக்கம், காட்டுக்குள் போகும் பாதையில், மஞ்சள் பலகை ஒன்று நின்றது: பழைய சுரங்கக் குழிகள் உண்டு, பாதையை விட்டு விலகவேண்டாம்.

எல்லாரும் உள்ளே போனார்கள். வெளியே நின்றது மூன்று பேர்: கப்லான், பவளராணி, சிறிதரன். பஸ்ஸுக்குப் பக்கத்தில் மடக்குக் கதிரையை விரித்து, கப்லானை இருத்தி, கம்பளித் தொப்பியைத் தலையில் இழுத்துவிட்டு, போர்வையால் மூடினாள்.

"எங்கட மூண்டு பேரையும்தான் உள்ளுக்கு விடாயினம் போல," என்றார் சிறிதரன்.

"உம்மை ஆர் விடேல்லை? போம்."

"ஐயோ, எனக்கு உந்தக் காத்தே போதும்."

கொஞ்ச நேரத்தில் ரபி முதல் ஆளாக வெளியே வந்தார். "முடிஞ்சுது, எல்லாரும் வருகினம், அஞ்சு நிமிசத்தில சாப்பாடு," என்றார். மயானத்துக்குள் அவர்கள் உண்பதில்லை. சாப்பாட்டுப் பெட்டிகள் பஸ்ஸின் அடியில், சாமான் அறையில் இருந்தன. சிறிதரன் அதற்குள் தலையை விட்டு அவற்றை இழுக்கத் தொடங்கினார்.

ஊசிக்கு முன் தட்டு. இந்த வேலையில் இது எழுத்து மாறாத விதி. நீரிழிவுக்காரரின் கண் முன்னே சாப்பாடு வந்த பிறகே இன்சுலின் போடவேண்டும். பெட்டி கண்ணுக்குத் தெரிகிறது, ஐந்து நிமிடம் என்று ரபியே சொல்லிவிட்டார். பவளராணி ஊசிப் பேனாவில் அளவைத் திருகி வைத்து அவரிடம் நீட்டினாள். கப்லான் சட்டையைத் தூக்கித் தானே வயிற்றில் குத்திக்கொண்டார்.

அப்போது கேற்றடியில் இருந்து ரீட்டா கத்தினாள். மயானத்தை விட்டு வருபவர்கள் கை கழுவிவிட்டுத்தான் வேறு எதையும் தொடுவார்கள். குழாய் துருப்பிடித்து இறுகியிருந்தது. வாதம் பிடித்த விரல்களால் யாராலும் அதைத் திருக முடியவில்லை.

"ராணி, இஞ்ச ஒருக்கா வா! இதுக்கு உன்ர கைதான் சரி."

கூப்பிடு தூரம்தான். போனாள். குழாயைத் திருகித் திறந்தாள். ஒருத்திக்குத் தண்ணீர் வார்த்தாள், இன்னொருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள், மண்ணில் சறுக்கிய ஒருவரை நிமிர்த்தினாள். குளிர்ந்த தண்ணீர் பட்டுக் கத்துவதும் சிரிப்பதுமாக ஒரே சனம். ரபி எண்ணிப் பார்த்து எல்லாரும் வந்துவிட்டார்கள் என்றதும் கேற்றைச் சாத்தினாள். பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு கதிரைக்கு வந்தாள்.

கதிரை வெறுமையாக இருந்தது. போர்வை நிலத்தில் கிடந்தது.

முதலில் அவள் பஸ்ஸுக்குள் பார்த்தாள். பஸ்ஸின் கழிப்பறைக்குள் பார்த்தாள். பஸ்ஸைச் சுற்றி வந்தாள். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவளுடைய குரலைக் கேட்டதும் எல்லாரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

"இப்பத்தானே இருந்தவர்," என்றார் சிறிதரன். "நான் பெட்டி எடுக்கேக்க இருந்தவர்."

"எந்தப் பக்கம் போனவர்?"

"பாக்கேல்லை அக்கா. தலை உள்ளுக்கெல்லோ இருந்தது."

வீதியில் ஆளில்லை. நேர் வீதி, இரு பக்கமும் தூரத்துக்குத் தெரியும். மிச்சம் இருந்தது காடு.

பவளராணி மனதுக்குள் கணக்குப் போட்டாள். இன்சுலின் உடம்புக்குள் போய்விட்டது, வயிற்றில் ஒன்றும் இல்லை. இனி அது இருக்கிற சீனியைத் தின்னும். முதலில் வியர்க்கும், பிறகு புத்தி தடுமாறும், பிறகு விழுவார். விழுந்தவர் எழும்பமாட்டார். ரபியிடம் இதை மூன்று வசனத்தில் சொன்னாள். ரபியின் முகம் வெளுத்தது.

"நான் அஞ்சு நிமிசம் எண்டு சொன்னன்," என்றார்.

"அதைப் பிறகு கதைப்பம். பொலிசுக்குப் போன் அடியுங்கோ."

அங்கே போன் பிடிக்கவில்லை. ரபி வீதி மேட்டுக்கு ஓடிப்போய் அங்கிருந்து பேசினார். பொலிசும் அம்புலன்ஸும் அடுத்த ஊரில் இருந்து வரவேண்டும், தேடிக்கொண்டிருங்கள் என்றார்களாம். நயோமிக்கும் சொல்லிவிட்டார். அது பவளராணிக்குப் பிடிக்கவில்லை. மறைக்க நினைத்தாள் என்று இல்லை. ஆனால் நயோமிக்குத் தெரிந்துவிட்டால் எல்லாம் உண்மையாகிவிடும்.

சிறிதரன் கேற்றைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, ஆள் சவக்காலைக்குள்ள போயிருக்கமாட்டாரோ?"

"விசர்க் கதை கதையாதையும். அவர் அதுக்குள்ள காலே வைக்கமாட்டார். எண்பது வருசத்தில, சொந்தங்களை அடக்கம் செய்த நாளைத் தவிர வைக்கேல்லை."

ரபியும் தலையை ஆட்டினார். "அது மட்டும் நிச்சயம். ஹெர்ஷல் தன்ர பெயரை மறந்தாலும் அதை மறக்கமாட்டார்."

நடக்கக்கூடியவர்கள் வீதியின் இரு பக்கமும் போனார்கள். ரபி காட்டுப் பாதையில் போனார். பவளராணியும் சிறிதரனும் அதே காட்டில் வேறு பாதையில் இறங்கினார்கள்.

அந்தக் காட்டைப் பற்றி அவள் எனக்குச் சொன்னபோது கைகளைத் தன் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மரங்கள் எல்லாம் ஒன்றுபோலக் கரிந்த நிறம். தரையெல்லாம் மேடும் பள்ளமும். தோண்டி எறிந்த மண் குவியல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குழி. சிலது முழங்கால் ஆழம். சிலதுக்கு மேலே பலகை போட்டிருந்தார்கள், பலகை உக்கிப்போயிருந்தது. சிலதுக்கு ஒன்றுமே இல்லை. புல் வளர்ந்து வாயை மூடியிருந்தது. கால் வைக்கும் ஒவ்வொரு அடியிலும் நிலம் இருக்குமா என்று பார்த்து வைத்தார்கள்.

"மிஸ்டர் கப்லான்!"

காற்றின் சத்தம் மட்டும்தான். ஒவ்வொரு முறை கூப்பிட்ட பிறகும் நின்று கேட்டாள். பதில் வராதபோது வந்த பயம் ஒன்று. வந்துவிட்டால் எங்கிருந்து வரும் என்ற பயம் இன்னொன்று.

"அக்கா," என்றார் சிறிதரன். குரல் ஒருமாதிரி இருந்தது. "அது அவற்ர தொப்பியே?"

பழுப்பு நிறக் கம்பளித் தொப்பி. ஒரு குழியின் வாயோரம், முள்ளுச் செடியில் மாட்டிக் கிடந்தது. அந்தக் குழியின் பலகை நடுவில் உடைந்திருந்தது. உடைவு பழையதா புதியதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பவளராணி மண்ணில் குப்புறப் படுத்தாள். சிறிதரன் அவளுடைய இரண்டு கணுக்கால்களையும் பிடித்துக்கொண்டார். தலையை உடைவுக்குள் நீட்டினாள். உள்ளே இருந்து குளிர்ந்த, நனைந்த மண்ணின் மூச்சு முகத்தில் அடித்தது. ஒன்றும் தெரியவில்லை. கூப்பிட்டாள். அவளுடைய குரல்தான் கீழே போய்த் திரும்பி வந்தது. சிறிதரன் ஒரு கல்லை விட்டார். அது விழுந்த சத்தம் கேட்க நேரம் பிடித்தது. கடைசியில் கேட்டது தண்ணீரின் சத்தம்.

தனக்கு அப்போது மூளை நின்றுவிட்டது என்றாள். இதற்குள் அவர் கிடந்தால் தான் என்ன செய்யலாம் என்று யோசித்தாளாம். ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்ததாம். படித்த படிப்பில் இதற்கு எந்தப் பாடமும் இல்லை.

"காத்துத்தான் கொண்டுவந்திருக்கும், அக்கா," என்றார் சிறிதரன். "தொப்பிதானே. காத்து எங்கையும் கொண்டுபோகும். எழும்புங்கோ."

அவர் சொன்னது சமாதானத்துக்கு.

ரபியைக் கூப்பிட்டு அந்தக் குழியடியில் நிற்கச் சொல்லிவிட்டு, பொலிஸ் வந்தால் காட்டுவதற்காக அவள் வீதிக்கு ஓடினாள். பொலிஸ் இன்னும் வரவில்லை. பொழுது சரியத் தொடங்கியிருந்தது. முழங்கை வரை களிமண். என்ன செய்வதென்று தெரியாமல் குழாயடிக்குப் போய்க் கைகளைக் கழுவினாள். பயந்த மனுசி கை கழுவுவாள். அது எங்கள் தொழிலில் ஊறிப்போன ஒன்று. கழுவி முடித்துக் குழாயைப் பூட்டினாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றதும் கேற்றுக்கு அந்தப் பக்கம், பைன் மரங்களுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. மெல்லிய குரல். கோபப்பட்ட குரல்.

"எஸ்தர்!"

பவளராணி கேற்றில் கை வைத்தபடி நின்றாள். உள்ளே இருப்பது சவக்காலை. அவளுக்கு அது ஒரு நொடியா அதற்கு மேலா என்று தெரியவில்லை, ஆனால் நின்றாள். பிறகு கேற்றைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். ஓடும்போதே ரபியின் பெயரையும் சிறிதரனின் பெயரையும் சொல்லிக் கத்தினாள்.

கப்லான் கடைசி மூலையில், ஒரு கல்லறையின் தாழ்ந்த விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் காற்று வெளியிலேயே பறித்துக்கொண்டு போயிருந்தது; முகம் சுண்ணாம்பு போல இருந்தது. அந்தக் குளிரிலும் சட்டைக் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது. அவருடைய நினைப்பில், எல்லாரும் வெளியே வந்தார்கள், எஸ்தர் மட்டும் வரவில்லை. கூட்டம் குழாயடியில் நின்றபோது, வருபவர்களுக்கு எதிரே, ஒருவருக்கும் தெரியாமல் அவளைத் தேடி உள்ளே போயிருக்கிறார்.

"குயின், அவள் வரமாட்டன் எண்டு நிக்கிறாள். நீ சொல்லு. காரில எத்தினை மணித்தியாலம் இருக்கிறது?"

நாக்கு குழறியது. கண் அவளைப் பார்த்தது, ஆனால் நிலைக்கவில்லை. அவளுடைய மேற்சட்டைப் பையில் ஜூஸ் பெட்டி எப்போதும் இருக்கும். குழலைக் குத்தி வாயில் வைத்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"இஞ்ச குடிக்கக் கூடாது."

"குடியுங்கோ."

"கூடாது! இஞ்ச செத்த ஆக்கள் இருக்கினம். மரியாதை இல்லையோ?"

கையைத் தட்டிவிட்டார். பாதி ஜூஸ் கல்லறையில் கொட்டியது. சீனி இறங்கிய ஆட்களுக்கு இப்படித்தான் பலம் வரும், மூர்க்கம் வரும். அதற்குப் பிறகு வருவது மயக்கம். மயங்கினால் வாயால் ஒன்றும் கொடுக்க முடியாது, புரைக்கேறும். அவளுக்கு அது தெரியும். கெஞ்சினாள். தமிழில் ஏசினாள். அவர் பல்லைத் திறக்கவில்லை. தலை சரியத் தொடங்கியது.

ரபி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கப்லானை அந்த இடத்தில் கண்டதும் ஒரு கணம் சிலைபோல் நின்றார். பவளராணி திரும்பிப் பாராமல் கத்தினாள்:

"சொல்லுங்கோ இவருக்கு! நான் சொன்னாக் கேக்கமாட்டார். உங்கட சமயம் என்ன சொல்லுதோ அதைச் சொல்லுங்கோ, கெதியாச் சொல்லுங்கோ!"

ரபி மண்ணில் முழந்தாளிட்டு, கப்லானின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"ஹெர்ஷல், நான் ரபி கதைக்கிறன். உயிருக்கு முன்னால எந்த விலக்கும் இல்லை. இது என்ர தீர்ப்பு. குடி!"

கப்லான் அவரைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

பெட்டியில் மிஞ்சியிருந்ததைக் குடித்தார். பவளராணி மற்றப் பையில் வைத்திருந்த தேனை எடுத்து அவருடைய கன்னத்தின் உட்பக்கத்தில் தடவினாள். சிறிதரன் பஸ்ஸில் இருந்து இன்னும் இரண்டு பெட்டி கொண்டு ஓடிவந்தார். அவர்கள் மூவரும் கல்லறைகளுக்கு நடுவே மண்ணில் இருந்தபடி, அவர் விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு விழுங்கலுக்கும் அடுத்ததும் இறங்குமா என்ற பயம். அம்புலன்ஸ் வந்தபோது அவருக்குக் கண் நிலைத்துவிட்டது. "ஏன் எல்லாரும் மண்ணில இருக்கிறியள்?" என்று கேட்டார்.

பலரட் ஆஸ்பத்திரியில் அவரை அன்றிரவு வைத்துக்கொண்டார்கள். நயோமி வந்து தகப்பனைப் பார்த்தாள்.

அடுத்த நாள் காலை, வார்டுக்கு வெளியே நடையில் வைத்து நயோமி அவளைப் பிடித்தாள். நித்திரை இல்லாத முகம். இல்லத்துக்குப் போன் பண்ணுவதற்கு அவள் கையில் போனை எடுத்திருந்தாள், ஆனால் அழுத்தவில்லை.

"ராணி, என்னால அவரைப் பூட்டி வைக்க ஏலாமல் கிடக்கு. நேற்று காரில வரேக்க முழுக்க யோசிச்சன். நீ ஒரு சொல் சொல்லு. வீட்டில வைச்சு உன்னால அவரைப் பாதுகாக்கலாம் எண்டு சொல்லு. நான் வீட்டை கொண்டுபோறன்."

ஓம் என்று சொல்லியிருக்கலாம். வேலை நின்றிருக்கும், அவரும் தன் வீட்டில் இருந்திருப்பார், நயோமிக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பவளராணி அந்தக் குழியை நினைத்தாள். தண்ணீர்ச் சத்தத்தை நினைத்தாள்.

"ஏலாது," என்றாள். "முந்தநாள் சத்தியம் பண்ணினனான். அது பிழை. குழாயைத் திறக்கிற நேரத்தில ஆள் போட்டார். ஒரு ஆளால ஏலாது. இனி இரவும் பகலும் கண்ணிருக்கிற இடம்தான் வேணும்."

நயோமி சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். பவளராணி அவளை அழவிட்டுவிட்டு வார்டுக்குள் போனாள்.

கப்லான் தலையணையில் சாய்ந்திருந்தார். அன்று தெளிவாக இருந்தார். அவருக்கு முகம் வழிக்கவேண்டியிருந்தது. அவர்களின் முறைப்படி கத்தி முகத்தில் படக் கூடாது; மின்சார வழிப்பான்தான். அவள் அவருடைய நாடியை ஒரு விரலால் உயர்த்தி, வலது கன்னத்தில் தொடங்கினாள்.

"குயின், நான் அந்தக் கேற்றைத் தாண்டினனானோ?"

"ஓம்."

"எஸ்தரைத் தேடியோ?"

"ஓம்."

"கண்டனானோ?"

"இல்லை."

வழிப்பான் ஓடிக்கொண்டிருந்தது.

"இனி என்ன?"

"நயோமி பாத்து வைச்ச இடத்துக்குப் போறியள். நேர அங்கைதான். வீட்டை போகேல்லை."

"அவள் முடிவெடுத்தவளோ?"

"இல்லை. அவள் உங்களை வீட்டை கொண்டுபோகத்தான் பாத்தவள். நான்தான் ஏலாதெண்டனான்."

கப்லான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பவளராணி வழிப்பானை நிறுத்தி, அதன் தலையைக் கழற்றி, மயிரைத் தட்டி ஊதித் திரும்ப மாட்டினாள். கட்டில் ஓரத்தில் நின்று காத்திருந்தாள். கனநேரம் கழித்து அவர் முகத்தை மெல்லத் திருப்பி, இடது கன்னத்தைக் காட்டினார். அவள் வழிப்பானை மறுபடி ஓடவிட்டாள்.